வனிலாக் கொடி சாகுபடி

ஆர்க்கிட் என்னும் பெயரைக் கேட்டவுடன், மலைப் பிரதேசங்களில் மரக்கிளைகளைப் பற்றி வளர்ந்து விசித்திரமான பூக்களைத் தரும் சிறு செடிகளே அநேகருக்கு நினைவு வரும். அவை கண்ணுக்கு இனியவையேயன்றிக் குடியானவனுடைய வரும்படிக்கு உதவுபவை அல்ல என்பது பொதுவான எண்ணம். ஆனால் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பெருங்கொடி ஒன்று, உலகமெங்கும் வாசனைச் சரக்காக விலைபோகும் காய்களைத் தருகின்றது. அதுவே வனிலா. தின்பண்டங்களிலும் பானங்களிலும் நாம் அறிந்துள்ள வனிலா வாசனைக்கு மூலம் இக்கொடியின் பதப்படுத்திய காயே.

இப்பயிரைக் குறித்து நம் ரயத்துகளிடையே முற்றிலும் மாறுபட்ட இரண்டு அபிப்பிராயங்கள் நிலவுகின்றன. விலை உச்சத்தில் இருந்தபோது காய் விற்றவர்கள் இதனைப் பொன் காய்க்கும் கொடி என்பர். அந்த விலையைக் கண்டு நட்டு, காய் வருமுன்னே விலை வீழ்ந்து நஷ்டமடைந்தவர்கள் இதனைக் குடி கெடுக்கும் கொடி என்பர். இரண்டும் சரியல்ல. வனிலா கைப்பாட்டினால் விளையும் பயிர். அதன் ஒவ்வொரு காயும், ஒரு குறிப்பிட்ட நாளின் காலையில் ஒரு மனிதக் கை அந்தப் பூவைத் தொட்டதனால் உண்டானது. ஆகையால் எத்தனை கொடி நடலாம் என்பதை நிலத்தின் பரப்பைக் கொண்டோ அன்றைய விலையைக் கொண்டோ தீர்மானிக்கலாகாது. வீட்டிலுள்ள கைகளின் எண்ணிக்கையைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும். இதன் காரணத்தையும், கொடியை வளர்க்கும் முறையையும் கீழே விவரிப்போம்.

கொடியின் இயல்பும் வரலாறும்

வர்த்தகத்துக்குரிய வனிலா, சாஸ்திர முறையில் வனிலா பிளானிபோலியா எனப்படும். இதன் தாயகம் மெக்ஸிகோ நாட்டின் தென்கிழக்குப் பாகமும் அதனை அடுத்த மத்திய அமெரிக்கக் காடுகளுமாம். விரற் பருமனுள்ள பச்சைத் தண்டும், தடித்த நீண்ட இலைகளும் உடையது. ஒவ்வொரு கணுவிலும் இலைக்கு எதிர்ப்புறத்தில் ஒரு பற்றுவேர் தோன்றி மரத்தைப் பிடித்துக்கொள்ளும். தடையின்றி விட்டால் 30 முதல் 50 அடி உயரம் வரை ஏறிவிடும்.

வனிலா தான் ஏறிய மரத்தின் சாரத்தைப் புல்லுருவியைப்போல் உறிஞ்சிவிடும் என்று சிலர் அஞ்சுகின்றனர். இது தவறு. வனிலாவின் வேர் மரப்பட்டையைப் பற்றி நிற்குமேயன்றி உட்புகுந்து உணவை எடுப்பதில்லை. அதற்கு வேண்டிய உணவு, நிலத்தின் மேற்பரப்பில் மக்கிய தழைகளில் பரவும் வேர்களின் மூலமே பெரும்பாலும் கிடைக்கின்றது.

மேல்தொடர்ச்சி மலைக் காடுகளில் இலையில்லாத ஒருவகை வனிலாக் கொடி தானாக வளர்வதைச் சிலர் கண்டிருக்கலாம். அது வேறு ஜாதி. வர்த்தக வனிலா அன்று.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர்கள் இக்கொடியை இந்து மகாசமுத்திரத்திலுள்ள ரீயூனியன் தீவுக்குக் கொண்டுவந்தனர். பிற்காலத்தில் நம் தமிழ் மக்கள் பலர் ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்று குடியேறியதும் இத்தீவிலேதான். அங்கே கொடி செழித்து வளர்ந்தது, பூத்தது, ஆனால் காய்க்கவில்லை. தாயகத்தில் சிலவகைத் தேனீக்கள் செய்யும் மகரந்தச் சேர்க்கையைச் செய்வதற்கு அங்கே பூச்சி எதுவும் இல்லாததே காரணம். 1836-இல் பெல்ஜியம் நாட்டில் லியேஜ் நகரத்துத் தாவர சாஸ்திரி சார்ல்ஸ் மோரன் கையினால் மகரந்தம் சேர்த்துக் காய் உண்டாக்கிக் காட்டினார். ஆயினும் தோட்டத்தில் விரைவாய்ச் செய்யத்தக்க எளிய முறையைக் கண்டறிந்தவன், ரீயூனியன் தீவில் அடிமையாயிருந்த எட்மண்ட் அல்பியுஸ் என்னும் 12 வயதுச் சிறுவன். அது நிகழ்ந்தது 1841-இல். ஒரு சிறு குச்சியும் கட்டைவிரலுமே அவனுடைய கருவிகள். இன்றும் உலகமெங்கும் வனிலாத் தோட்டங்களில் கையாளப்படுவது அவன் கண்ட முறையே. அவனுடைய கண்டுபிடிப்பினால் தோட்டக்காரர் பலர் செல்வரானார்கள். அவனோ 1880-இல் வறியவனாகவே இறந்தான்.

நம் பிரதேசத்தில் நீலகிரி மலைச்சாரலிலுள்ள கல்லாறு, பர்லியாறு ஆகிய சர்க்கார் பழப்பண்ணைகளில் வனிலா நெடுநாட்களுக்கு முன்பே பயிரிடப்பட்டு, இங்கும் நன்கு காய்க்கும் என்பது நிரூபிக்கப்பட்டது.

ஏற்ற இடம்

வனிலாவுக்கு வெப்பமும் ஈரமும் கலந்த சீதோஷ்ணம் வேண்டும். உஷ்ணம் 21 முதல் 32 டிகிரி சென்டிகிரேடு வரையிலும், மழை ஆண்டுக்கு 1,500 முதல் 3,000 மில்லிமீட்டர் வரையிலும் இருத்தல் நலம். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம் வரை நன்றாக வளரும். ஆண்டு முழுவதும் இடைவிடாது மழை பெய்யுமிடம் ஏற்றதன்று. பூப்பதற்கு முன் இரண்டு மாதமளவு வறண்ட பருவம் இருந்தால்தான் கொடி நன்கு அரும்பெடுக்கும்.

மக்கிய தழை நிறைந்த, நீர் தேங்காத, இளகிய மண் வேண்டும். சற்றுச் சரிவான நிலம் உத்தமம். களிமண்ணும், உவர் நிலமும், மழைக்காலத்தில் ஒரு நாளேனும் நீர் நிற்கும் பள்ளமும் உதவா. இவற்றை நோக்குமிடத்து, மலையடிவாரங்களிலும் தாழ்ந்த மலைச்சரிவுகளிலும் உள்ள தென்னை, கமுகுத் தோட்டங்களே நம் ரயத்துகளுக்கு ஏற்ற இடங்கள். சமவெளியின் வறண்ட காற்றில் இதனை வளர்க்க முயலுதல் வீண் செலவு.

தாங்குமரமும் நிழலும்

ஒவ்வொரு கொடிக்கும் ஒரு தாங்குமரம் வேண்டும். கல்யாணமுருங்கை, கிளிரிசிடியா, ஈழத்தலரி முதலியவை ஏற்றவை. 5 அல்லது 6 அடி நீளமுள்ள போத்துகளை, கொடி நடுவதற்கு மூன்று மாதம் முன்னதாகவே நட்டுத் துளிர்க்கச் செய்ய வேண்டும். வரிசைக்கு வரிசை 8 அடியும், வரிசையில் மரத்துக்கு மரம் 5 அடியும் இடைவெளி விடலாம். கைக்கெட்டும் உயரத்தில் கிளைகள் கவர்விட்டுப் பிரியும்படி மரத்தைக் கழித்து வளர்த்தல் வேண்டும். கொடியை மடக்கித் தொங்கவிட அக்கவர்களே உதவும்.

வெயிலில் ஏறக்குறையப் பாதி கொடியின்மேல் விழுமாறு நிழலை அமைக்க வேண்டும். நிழல் மிகுந்தால் தண்டு மெலிந்து பூ குறையும்; வெயில் மிகுந்தால் இலை மஞ்சளித்துக் கருகும். மழைக்காலத்தில் தாங்குமரத்தின் கிளைகளைக் கழித்து வெளிச்சம் விடுவதும், கோடையில் அவற்றை அடர விடுவதும் முறை.

நடுதல்

வனிலா விதை மிக நுண்ணியது. தக்க பூஞ்சணத்தின் துணையின்றி முளைப்பதில்லை. ஆகவே தண்டுத் துண்டுகளையே நட வேண்டும். இதனால் நன்மையோடு தீமையும் உண்டு. ஒரே தாய்க்கொடியிலிருந்து வந்தவை யாவும் ஒரே குணமுடையவையாதலால், ஒன்றைத் தாக்கும் நோய் எல்லாவற்றையும் தாக்கும். எனவே நோயற்ற தோட்டத்திலிருந்து மட்டுமே நடுதண்டு வாங்க வேண்டும். மலிவு என்று கருதி நோயுள்ள கொடியை வாங்குதல், தோட்டத்துக்கு நோயை விலைகொடுத்து வாங்குவதேயாம்.

பூத்திராத, திரண்ட கொடியிலிருந்து 3 அடிக்குக் குறையாத துண்டுகளை வெட்டுக. நீண்ட துண்டு விரைவில் காய்க்கும். அடியிலுள்ள மூன்று நான்கு இலைகளை நீக்கி, வெட்டுவாயை 1 சதவிகிதப் போர்டோ கலவையில் தோய்த்து, நிழலில் ஒரு வாரம் வைத்திருந்து பின் நட வேண்டும். கொடியின் சாறு சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்குமாதலால் வெட்டுபவர் எச்சரிக்கையாயிருத்தல் நலம்.

கடுமழை ஓய்ந்த ஆவணி, புரட்டாசி மாதங்கள் நடுவதற்கு ஏற்றவை. ஆழமாய்க் குழிதோண்டி நடுதல் பெரும் பிழை. தாங்குமரத்தடியில் தழையும் மக்கிய எருவும் கலந்த மேட்டில், இலை நீக்கிய பாகத்தைப் படுக்கவைத்து இரண்டங்குல அளவு மெல்லிய மண்ணால் மூடி, வெட்டுவாயை மட்டும் சற்று வெளியே தெரியும்படி விட வேண்டும். அது மண்ணுள் புதைந்தால் அழுகும். மேல்நுனியை வாழைநாரால் மரத்தோடு இளகலாகக் கட்டுக. வேர்விட 4 முதல் 8 வாரம் ஆகும்.

பராமரிப்பு

வனிலாவின் வேர் மேலோட்டமானது. ஆகவே கொடியடியில் மண்வெட்டியை நுழைக்கவே கூடாது. களையைக் கையால் பறிக்க வேண்டும். காய்ந்த தழை, தென்னைநார்க் கழிவு, நன்கு மக்கிய தொழுவுரம் ஆகியவற்றை ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மூடாக்காக இடுக. பச்சைச் சாணமும் மக்காத எருவும் வேரை வேகச் செய்யும். கோடையில் மண் ஈரம் காயாதபடி சிறுகச் சிறுக நீர் தெளித்தல் வேண்டும். வாய்க்காலில் பாய்ச்சித் தேக்குதல் ஆகாது.

கொடி 5 அடிக்குமேல் ஏறினால் பூவைத் தொட ஏணி வேண்டியிருக்கும். எனவே கைக்கெட்டும் உயரத்தில் கவரின்மீது மடக்கித் தொங்கவிட்டு, நுனி தரையைத் தொட்டபின் மீண்டும் மேலேற்ற வேண்டும். இவ்வாறு மடக்கிய இடத்தை அடுத்த பாகத்திலேயே பூங்கொத்துகள் மிகுதியாய்த் தோன்றும். பூக்கும் பருவத்துக்கு ஆறு முதல் எட்டு மாதம் முன்னர், தொங்கும் கொடியின் நுனியில் 4 முதல் 6 அங்குலம் கிள்ளிவிடுதல் பூப்பதைத் தூண்டும்.

கையால் மகரந்தம் சேர்த்தல்

நட்ட மூன்றாம் ஆண்டில் கொடி பூக்கத் தொடங்கும். நம் பிரதேசத்தில் பெரும்பாலும் மார்கழிக்கும் பங்குனிக்கும் இடையில் பூக்கும். ஒரு கொத்தில் 15 முதல் 20 பூக்கள் இருக்கும். நாளொன்றுக்கு ஒன்று, சிற்சில நாள் இரண்டு மூன்றாக விரியும். விடியற்காலையில் விரிந்த பூ பிற்பகலில் வாடிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் மகரந்தம் சேர்க்காவிடில் அந்தப் பூ வீணே.

பூவின் நடுவில் தூண்போன்ற ஒரு தண்டு உண்டு. அதன் உச்சியில் மகரந்தப்பையும், அதற்குச் சற்றுக் கீழே சூல்முடியும் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே மெல்லிய மடல் ஒன்று திரைபோல் தொங்குகின்றது. இத்திரையே இயற்கையான சேர்க்கைக்குத் தடை. வேலை செய்யும் முறை வருமாறு: இடக்கையால் பூவைப் பிடித்துக்கொண்டு, கூராகச் சீவிய ஈர்க்கினாலோ மூங்கிற் சிம்பினாலோ உதடுபோன்ற இதழைக் கீறி விலக்குக. பின் அதே குச்சியால் அந்த மடலை மேலே தூக்கிப் பிடித்து, இடக்கைக் கட்டைவிரலால் மகரந்தப்பையைச் சூல்முடியின்மேல் மெல்ல அழுத்திவிட்டுக் குச்சியை எடுத்துவிடுக. காலை 6 மணி முதல் நடுப்பகல் வரை இதற்குரிய வேளை. சேர்க்கை பலித்த பூ வாடியும் காம்பில் நிற்கும். பலியாதது இரண்டொரு நாளில் உதிரும்.

ஒரு கொத்தில் 8 முதல் 10 காய் பிடித்தவுடன் எஞ்சிய மொட்டுகளைக் கிள்ளி எறிக. ஒரு கொடியில் 10 கொத்துகளுக்குமேல் காய்க்க விடலாகாது. ஆசையினால் எல்லாப் பூவையும் காயாக்கினால் காய் சிறுத்து, கொடி தளர்ந்து நோய்க்கு இரையாகும். மறு ஆண்டு பூக்காமலும் போகும்.

எத்தனை கொடி நடலாம்?

பழகிய ஒருவர் ஒரு காலைப் பொழுதில் 1,000 முதல் 1,500 பூக்களுக்கு மகரந்தம் சேர்க்கலாம். கொடிக்குப் பத்துக் கொத்தாக 100 கொடிகள் ஏக காலத்தில் பூத்தால், கொத்துக்கு ஒரு பூவாக நாளொன்றுக்கு 1,000 பூக்கள் விரியும். ஆகவே 100 கொடிக்கு ஒரு ஆள் நாள் தவறாமல் வேண்டும். ஓர் ஏக்கரில் மேற்சொன்ன இடைவெளியில் ஏறக்குறைய 1,000 கொடிகள் நிற்கும். உச்சப் பருவத்தில் அதற்கு எட்டுப் பத்துப் பேர் தேவைப்படுவர். அப்பருவமோ தை, மாசி. சம்பா அறுவடையும், பொங்கலும், கலியாணங்களும் கூடிவரும் அம்மாதங்களில் பழகிய ஆட்கள் அகப்படுவது அரிது. நெல் இரண்டு நாள் காத்திருக்கும். வனிலாப் பூ காத்திராது.

ஆகையால் இரண்டு மூன்று பேர் வேலை செய்யத்தக்க குடும்பம், தென்னை அல்லது கமுகுத் தோட்டத்தில் ஊடுபயிராக 200 கொடிகளுக்கு மேற்படாமல் நடுவது விவேகம். முதல் ஆண்டில் 50 கொடியுடன் தொடங்கிப் பழகிக்கொள்வது அதனினும் நன்று.

நோய்கள்

வேரும் தண்டும் அழுகும் பியூசேரியம் நோயே இப்பயிரின் பெரும் பகை. கண்டபின் தீர்க்கும் மருந்து இல்லை. வராமல் காப்பதே வழி. வேரில் காயம் படாமை, நீர் தேங்காமை, மிதமான நிழல், மிதமான காய்ப்பு இந்நான்கும் முக்கியம். நோயுற்ற கொடியை வேரோடு எடுத்து எரித்துவிட்டு, அவ்விடத்தில் மீண்டும் வனிலா நடாதிருக்க வேண்டும். டிரைக்கோடெர்மா என்னும் நன்மை தரும் பூஞ்சணத்தை மக்கிய எருவுடன் கலந்து அடியில் இடுதல் பயன் தரும்.

மழைக்காலத்தில் காயும் தண்டும் அழுகாமல் இருக்க, மழைக்கு முன்னரே போர்டோ கலவை தெளிக்கலாம். மயில்துத்தம் 1 கிலோவும் சுட்ட சுண்ணாம்பு 1 கிலோவும் தனித்தனியே நீரில் கரைத்து, துத்தநீரைச் சுண்ணாம்பு நீரில் மெல்ல ஊற்றிக் கலக்கி 100 லிட்டராக்குக. மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரமே ஆகும். உலோகப் பாத்திரம் ஆகாது. தீட்டிய கத்தியைக் கலவையில் சிறிது நேரம் வைத்து எடுக்கும்போது அலகில் செம்பு படிந்திருந்தால், இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். நத்தைகளை இரவில் விளக்குடன் சென்று பொறுக்கி அழிக்கலாம்.

அறுவடையும் பதப்படுத்தலும்

காய் ஆறு வாரத்தில் முழு நீளம் அடைந்துவிடும்; ஆனால் முதிர்வதற்கு 9 முதல் 11 மாதம் செல்லும். நீளத்தைக் கண்டு பறிப்பவன் ஏமாறுவான். நுனி மஞ்சளாகத் தொடங்கும்போது ஒவ்வொரு காயாகப் பார்த்துப் பறிக்க வேண்டும். முன்னதாகப் பறித்தால் வாசனையும் நிறையும் குறையும். தாமதித்தால் காய் வெடித்து மதிப்பிழக்கும்.

பச்சைக் காய்க்கு வாசனை இல்லை. அது பதப்படுத்தும்போதே பிறக்கின்றது. காய்களைக் கூடையிலிட்டு 63 முதல் 65 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணமுள்ள வெந்நீரில் மூன்று நிமிஷம் முக்கி எடுக்க வேண்டும். இதற்கு உஷ்ணமானி இன்றியமையாதது. உடனே நீரை வடித்துக் கம்பளியில் சுற்றி, மரப்பெட்டியில் ஒன்றிரண்டு நாள் மூடி வேர்க்க வைத்தால் காய் கபில நிறமடையும். பின்னர் ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை, தினமும் ஒன்றிரண்டு மணி நேரம் கம்பளியின்மேல் வெயிலில் பரப்பி, சூடு ஆறுமுன் சுற்றிப் பெட்டியில் வைக்க வேண்டும். அதன்பின் காற்றோட்டமுள்ள அறையில் மூங்கில் தட்டுகளில் மூன்று நான்கு வாரம் நிழலில் உலர்த்தி, கட்டுகளாகக் கட்டி, மெழுகுத்தாளில் சுற்றி, மூடிய பெட்டியில் இரண்டு மூன்று மாதம் வைத்திருந்தால் வாசனை நிறையும். வாரந்தோறும் பார்த்துப் பூசணம் பிடித்ததை அகற்றுக. ஏறக்குறைய 6 கிலோ பச்சைக் காய்க்கு 1 கிலோ பதப்படுத்திய காய் கிடைக்கும்.

விலையைப் பற்றிய எச்சரிக்கை

உலகத்தின் வனிலாவில் பெரும்பங்கு மடகாஸ்கர் தீவின் வடகிழக்குப் பாகத்தில் விளைகின்றது. ஆகவே அங்கே வீசும் புயல் இங்குள்ள விலையையும் அசைக்கும். 2000-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஹுதா என்னும் புயல் அக்கரையை அழித்தது. விலை ஏறி, 2003, 2004 ஆண்டுகளில் பதப்படுத்திய காய் கிலோ 500 டாலரை எட்டியது. தென்னிந்தியாவில் அநேகர் அப்போது கடன் வாங்கியும், இருந்த பயிரை நீக்கியும் வனிலா நட்டனர். 2005-இல் விலை 50 டாலருக்கும் கீழே வீழ்ந்தது. 2003-இல் நட்ட கொடி பூத்தது 2006-இல். உச்ச விலையைக் கண்டு நட்டவனுக்கு அந்த விலை கிட்டவே இல்லை. 2017 மார்ச்சில் இனாவோ புயலுக்குப் பின்னும் விலை மீண்டும் ஏறி, சில ஆண்டுகளில் மீண்டும் தாழ்ந்தது. இதனோடு, 1874-இல் ஜெர்மானிய ரசாயன சாஸ்திரிகள் செயற்கையாய் உண்டாக்கிய வனிலின் என்னும் வாசனைப் பொருள் மிக மலிவாய்க் கிடைப்பதால், இயற்கை வனிலா விலையேறும்போதெல்லாம் வாங்குவோர் அதன் பக்கம் திரும்பிவிடுவர் என்பதையும் மறத்தலாகாது.

நட்ட பயிரை நீக்கி வனிலா வைக்க வேண்டாம். கடன் வாங்கியும் வைக்க வேண்டாம். தென்னையும் கமுகும் பிழைப்புக்கு இருக்க, அவற்றின் நிழலில் வனிலா நிற்கட்டும். விலை தாழ்ந்த ஆண்டில், நன்கு பதப்படுத்திய காயைக் காற்றுப் புகாத பெட்டியில் பத்திரமாக வைத்திருந்து தருணம் பார்த்து விற்கலாம்; பச்சைக் காய் விற்பவனுக்கு இந்த வசதி இல்லை.

கிராம அலுவலர்களுக்கும் இதில் பங்கு உண்டு. விலை ஏறும் ஆண்டுகளில் காய்க் களவு பெருகும். களவுக்கு அஞ்சி யாவரும் பிஞ்சிலேயே பறிப்பர். அதனால் ஊரின் சரக்கு முழுவதும் பெயர் கெடும். மடகாஸ்கரில் அதிகாரிகள் அறுவடை தொடங்கும் நாளை அறிவிக்கின்றனர். ரயத்துகள் பிஞ்சுக் காயின்மேல் ஊசியால் தத்தம் அடையாளத்தைக் குத்திவைக்கின்றனர். அவ்வடையாளம் காய் உலர்ந்த பின்னும் மறைவதில்லை. இவ்விரண்டும் நம் கிராமங்களிலும் கைக்கொள்ளத்தக்கவை. முதிர்ந்த காய் பறிக்க ஒரு பொது நாளைக் குறித்து, அதற்குமுன் வரும் காயை ஒருவரும் வாங்குவதில்லை என்று ஊரார் உடன்படச் செய்தால், சிறு ரயத்தின் ஓராண்டுப் பிரயாசை ஓரிரவில் போகாது.

பொறுமையும், ஓயாத கவனமும், தன் கைக்கு அடங்கிய அளவும் உடையவனுக்கு இக்கொடி தக்க பலன் தரும். இம்மூன்றும் இல்லாதவனுக்கு எவ்வளவு உயர்ந்த விலையும் உதவாது.